சொகுசுக் காருக்கு எந்த டிஃபரன்ஷியல் ஆயில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பிஎம்டபிள்யூ, பென்ஸ், ஆடி வாங்கி முதல் சர்வீஸுக்கு வருகிறவர்கள் இன்ஜின் ஆயிலைப் பற்றி விலாவாரியாகக் கேட்பார்கள். பின் அச்சில் ஒரு லிட்டர் ஆயில் பல வருஷமாக மாற்றாமல் கிடக்கிறது என்று நாம் பேச்செடுத்தால்தான் அடுத்த ரவுண்டு கேள்விகள் ஆரம்பிக்கும். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே கீழே கொடுத்திருக்கிறேன்.

கிரவுன் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில், கியர் ஆயில்... மூணும் ஒண்ணா வேற வேறயா?

முதல் இரண்டும் ஒன்றுதான். இன்ஜினிலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சியைப் பக்கவாட்டில் திருப்பி இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டிதான் டிஃபரன்ஷியல். உள்ளே இரண்டு பல்சக்கரங்கள்: சின்னதாக ஒரு பினியன், பெரிதாக ஒரு கிரவுன் வீல். அதனால்தான் பட்டறையில் மொத்தப் பெட்டிக்கும் கிரவுன் என்றே பெயர். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓடவேண்டும். அதற்கு இடம் கொடுப்பதும் இந்தப் பெட்டியின் வேலை.

கியர் ஆயில் என்பது பெரிய வகை. மேனுவல் கியர்பாக்ஸில் ஊற்றுவதும் கியர் ஆயில்தான். கடையில் போய் “கியர் ஆயில் ஒரு லிட்டர்” என்று மொட்டையாகக் கேட்டால் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுப்பார்கள். என்ன வண்டி, எந்த அச்சு என்று சொல்லிக் கேளுங்கள்.

என் வண்டியில கிரவுனே கிடையாதுன்னு ஒருத்தர் சொல்றாரு. அப்படியும் இருக்குமா?

தனிப் பெட்டியாக இல்லாமல் இருக்கலாம். பென்ஸ் ஏ-கிளாஸ், முன்சக்கர இழுவையில் வரும் பிஎம்டபிள்யூ எக்ஸ்1 போன்றவற்றில் இன்ஜின் குறுக்கே உட்கார்ந்திருக்கும். டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே அடக்கம். பொதுவாக கியர்பாக்ஸ் ஆயிலே அதையும் நனைக்கிறது. அந்த வண்டிக்கு 75டபிள்யூ-90 கியர் ஆயில் வாங்கி வைத்துக்கொண்டு ஊற்ற இடம் தேடாதீர்கள்.

சி-கிளாஸ், இ-கிளாஸ், 3 சீரிஸ், 5 சீரிஸ் போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளில் பின்னால் தனிப் பெட்டி உண்டு. நாலு சக்கர இழுவை என்றால் ஒன்றுக்கு மேல் இருக்கும். அது தனிக் கதை, பின்னால் வருகிறது.

இன்ஜின் ஆயில்தான் இவ்வளவு விலை கொடுத்து வாங்குறோமே, அதையே இதுலயும் ஊத்தக் கூடாதா?

கூடாது. இன்ஜின் ஆயிலின் தலைவலி கரி, அமிலம், எரிபொருள் கலப்பு. டிஃபரன்ஷியலில் எதுவும் எரிவதில்லை. அங்கே இருக்கும் பிரச்சினை அழுத்தம்.

பினியனின் மையக்கோடு கிரவுன் வீலின் மையக்கோட்டுக்குச் சற்றுக் கீழே தள்ளி இருக்கும். இந்த அமைப்புக்கு ஹைப்பாய்டு என்று பெயர். காரில் இதை முதலில் கொண்டுவந்தது அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம், 1926ல். பினியன் கீழே இறங்கியதால், முன்னாலிருந்து சுழற்சியைக் கொண்டுவரும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் கீழே இறங்கியது. அதனால் காரின் தரையையும் தாழ்த்த முடிந்தது. சத்தமும் குறைந்தது. ஆனால் ஒரு விலை இருந்தது. சாதாரண பல்சக்கரத்தில் ஒரு பல் இன்னொன்றின் மேல் பெரும்பாலும் உருண்டு போகும். ஹைப்பாய்டில் பல்லின் நீளவாக்கில் அழுத்தித் தேய்த்துக்கொண்டே போகும். எவ்வளவு கெட்டியான ஆயிலாக இருந்தாலும் அந்த இடத்தில் ஆயில் படலம் கிழிந்துவிடும்.

படலம் கிழிந்த பிறகும் பல்லைக் காப்பாற்றத்தான் கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த ரசாயனங்களை இந்த ஆயிலில் கலக்கிறார்கள். பல்லும் பல்லும் உரசும் இடத்தில் சூடு ஏறியதும் இவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய தோல் ஒன்றை உண்டாக்கும். தேய்வது அந்தத் தோல்தான், பல் அல்ல. டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அழுகிய முட்டை வாடை இந்தக் கந்தகத்தால் வருவது. ஆயில் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க வந்தவர்களும் உண்டு.

75டபிள்யூ-90 அப்படின்னா இன்ஜின் ஆயில் 5டபிள்யூ-30 மாதிரி மூணு மடங்கு கெட்டியா?

இல்லை. இரண்டும் வேறு வேறு அளவுகோல். கியர் ஆயிலில் 90 என்றால் 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்கவேண்டும். இன்ஜின் ஆயிலில் அதே அளவு 40க்கும் 50க்கும் நடுவில் எங்கோ விழும். 85 என்பது 11 முதல் 13.5 வரை; 140 என்பது 24 முதல் 32.5 வரை.

முன்னால் இருக்கும் 75டபிள்யூ குளிருக்கானது. 75டபிள்யூ மைனஸ் 40 டிகிரி வரை ஓடும் பதத்தில் இருக்கவேண்டும், 80டபிள்யூ மைனஸ் 26 வரை, 85டபிள்யூ மைனஸ் 12 வரை. லடாக்குக்கு வண்டி எடுத்துப் போகிறவர் தவிர நம்மில் யாருக்கும் இந்த எண்ணை வைத்துத் தூக்கம் கெடவேண்டியதில்லை. நமக்கு முக்கியம் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்.

நம்ம ஊர் வெயிலுக்கு இன்னும் கெட்டியா 140 போட்டா கிரவுனுக்கு நல்லதுதானே?

லாரி உலகத்திலிருந்து வந்த பழக்கம் இது. சென்னையில் மே மாதம் 40 டிகிரி அடிக்கிறது, சரி. ஆனால் டிஃபரன்ஷியலுக்குள் ஆயில் சூடாவது வெயிலால் அல்ல, பல் உரசுவதால். நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் ஓடினாலே உள்ளே வெளி வெப்பத்தைவிட வெகுவாக ஏறிவிடும். 75டபிள்யூ-85 என்று எழுதிக் கொடுத்த கார் கம்பெனிக்கு அந்தச் சூடு தெரியும். துபாய்க்கும் அதே வண்டியைத்தான் விற்கிறார்கள்.

தேவைக்கு மேல் கெட்டியான ஆயிலைக் கலக்கவே கிரவுன் வீல் சக்தியைச் செலவழிக்கும். அந்தச் சக்தி சூடாக மாறும். பினியன் பேரிங்குக்கு ஆயில் போகும் வழிகள் குறுகலானவை, குளிர்ந்த நிலையில் கெட்டி ஆயில் அங்கே தாமதமாகத்தான் போய்ச் சேரும். கம்பெனியே 75டபிள்யூ-140 கேட்கும் அச்சுகளும் உண்டு, குறிப்பாக வலுவான இன்ஜின், லாக்கிங் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் வகை) உள்ள சில வண்டிகள். அங்கே அதைப் போடுங்கள். மற்றதில் வேண்டாம்.

ஜிஎல்-4, ஜிஎல்-5ன்னு போட்டிருக்கே, பெரிய நம்பர்தானே நல்லது?

ஜிஎல் என்பது கியர் ஆயிலின் தர வகை. ஹைப்பாய்டு டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5தான். அழுத்தம் தாங்கும் ரசாயனம் அதில் ஜிஎல்-4ஐவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதற்காக ஜிஎல்-5ஐ மேனுவல் கியர்பாக்ஸிலும் ஊற்றினால் இன்னும் நல்லது என்று கணக்குப் போடக்கூடாது. கியர் விழ உதவும் சிங்க்ரோ வளையங்கள் பல வண்டிகளில் பித்தளை; அந்த ரசாயனம் சில வகை ஆயிலில் பித்தளையை அரிக்கும். மேலும் சிங்க்ரோவுக்குக் கொஞ்சம் உராய்வு தேவை, ஜிஎல்-5 அதிகமாகவே வழுக்கும்.

டப்பாவுல 75டபிள்யூ-90 இருக்கு, ஜிஎல்-5 இருக்கு, சிந்தெடிக்குன்னும் இருக்கு. அப்புறம் எந்த பிராண்டா இருந்தா என்ன?

பலர் தவறுவது இந்த இடத்தில்தான். ஜிஎல்-5 என்பது தயாரிப்பாளர் தாமே போட்டுக்கொள்ளும் முத்திரை. இன்ஜின் ஆயிலுக்கு அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் உரிமம் கொடுக்கிற மாதிரி கியர் ஆயிலுக்குக் கொடுப்பதில்லை. அதனால் ஜிஎல்-5 குறைந்தபட்சத் தகுதி மட்டுமே. எஸ்ஏஇ ஜே2360 என்ற எண் டப்பாவில் இருந்தால் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கை. அமெரிக்க ராணுவத் தரத்திலிருந்து வந்தது அது, ஓட்டிப் பார்த்த சோதனை முடிவுகளும் கேட்கும் தரம்.

ஆனால் சொகுசுக் காருக்கு நீங்கள் தேடவேண்டியது கம்பெனியின் சொந்த ஒப்புதல். மெர்சிடிஸ் எண்களால் சொல்கிறது: 235.0 என்றால் பழைய தலைமுறை ஹைப்பாய்டு ஆயில், 235.7 என்றால் 75டபிள்யூ-85, 235.8 என்றால் 75டபிள்யூ-90 சிந்தெடிக். ஆடி, ஃபோக்ஸ்வேகன் வண்டிகளில் ஜி 052 145 என்ற எண்ணைப் பின் அச்சுகளில் அடிக்கடி பார்க்கலாம். பிஎம்டபிள்யூ பழைய வண்டிகளுக்கு காஸ்ட்ரால் எஸ்ஏஎஃப்-எக்ஸ்ஓ என்று பெயர் சொல்லியே கேட்டது. பின்னால் ஹைப்பாய்டு ஆக்ஸில் ஆயில் ஜி1, ஜி2 என்று வரிசைப்படுத்தியது. லெக்ஸஸில் டொயோட்டாவின் எல்டி 75டபிள்யூ-85.

இந்த எண் வெறும் பாகுநிலை அல்ல. அந்த அச்சின் பேரிங், ஆயில் சீல், லாக்கிங் தட்டு எல்லாவற்றோடும் வைத்துச் சோதித்த ஆயில் என்று அர்த்தம். டப்பாவில் “ஒப்புதல் பெற்றது” என்று இருக்கிறதா, “ஏற்றது”, “பரிந்துரைக்கப்படுகிறது” என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது கம்பெனி கொடுத்தது. மற்றவை ஆயில்காரர் தன் பொறுப்பில் சொல்வது. இரண்டாவது வகையிலும் நல்ல ஆயில்கள் உண்டு. ஆனால் ஒரே விலையில் இரண்டும் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

என் வண்டிக்கு எந்த எண்ணுன்னு எங்க பாக்குறது? மேனுவல்ல ஒண்ணும் காணோம்.

உரிமையாளர் கையேட்டில் பெரும்பாலும் இருக்காது, இன்ஜின் ஆயிலோடு நின்றுவிடும். சேசிஸ் நம்பரைச் சொல்லி டீலரின் பாகங்கள் கவுண்டரில் கேளுங்கள். “3 சீரிஸ், 2014” என்று மட்டும் சொன்னால் போதாது. ஒரே மாடல், ஒரே வருஷத்தில் இன்ஜினைப் பொறுத்து வேறு வேறு அச்சு போயிருக்கும். மெர்சிடிஸ் தன் ஒப்புதல் ஆயில் பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கிற மாதிரியே வைத்திருக்கிறது.

வண்டியை லிஃப்ட்டில் ஏற்றும்போது டிஃபரன்ஷியல் உடம்பையும் ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள். சிறு ஸ்டிக்கரோ தகடோ இருக்கலாம். அச்சின் குறியீடு, பல் விகிதம், சிலவற்றில் ஆயில் வகையும் இருக்கும். சேறு மூடிக் கிடப்பதால் யாரும் கவனிப்பதில்லை. பழைய வண்டியில் யாராவது அச்சையே சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடையிலிருந்து வாங்கி மாற்றியிருந்தால் சேசிஸ் நம்பர் சொல்வதும் தகடு சொல்வதும் வேறாக இருக்கும். அப்போது தகட்டையே நம்புங்கள்.

இது லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேண்டாம்னு ஷோரூம்ல சொன்னாங்களே?

யாருடைய லைஃப்டைம் என்று கேட்டுப் பாருங்கள். முதல் உரிமையாளர் வாரண்டி முடிந்து வண்டியை விற்கும் வரை அந்த ஆயில் தாங்கும், சந்தேகமில்லை. நீங்கள் மூன்றாவது உரிமையாளர், ஓடோமீட்டர் ஒன்றரை லட்சம் காட்டுகிறது என்றால் கணக்கு வேறு. பிஎம்டபிள்யூவுக்கும் இன்னும் பலருக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்எஃப் நிறுவனமே, லைஃப்டைம் என்று சொல்லப்படும் கியர்பாக்ஸுகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டர் அல்லது எட்டு வருஷத்துக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. அது கியர்பாக்ஸைப் பற்றிய பேச்சு. இருந்தாலும் லைஃப்டைம் என்பதை எப்படி எடுத்துக்கொள்ளவேண்டும் என்பதற்கு அது போதும்.

இன்னொன்று. பிஎம்டபிள்யூவின் எம் என்ற வேக ரக வண்டிகளில் முதல் 2,000 கிலோமீட்டரில் ரன்னிங்-இன் சர்வீஸ் உண்டு. அதில் டிஃபரன்ஷியல் ஆயிலையும் மாற்றச் சொல்வார்கள். புதுப் பற்கள் ஒன்றோடொன்று படியும்போது உதிரும் இரும்புத்தூள் ஆயிலில்தான் கிடக்கும், வடிகட்ட அங்கே ஃபில்டர் கிடையாது. சாதாரண வண்டியின் பல்லும் அதே இரும்புதான்.

சரி, அப்போ எத்தனை கிலோமீட்டருக்கு மாத்துறது?

கம்பெனி அட்டவணை கொடுத்திருந்தால் அதுதான். கொடுக்காத வண்டிக்கு 60,000 முதல் 80,000 கிலோமீட்டருக்குள் ஒரு தடவை என்பது என் கணக்கு. பழைய வண்டி வாங்கி, முந்தைய விவரம் தெரியாவிட்டால் வாங்கியதும் மாற்றிவிடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் என்று மலையேறி இறங்குகிறவர்கள், டிரெய்லர் இழுப்பவர்கள் இன்னும் சீக்கிரம். செலவைப் பற்றி யோசித்தால், ஆயில் சில ஆயிரத்தில் முடியும். டிஃபரன்ஷியல் மாற்றுவதென்றால் லட்சங்களில் பேச்சு.

லிமிடெட் ஸ்லிப் இருக்குற வண்டிக்குத் தனி ஆயிலா?

ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்தான் லிமிடெட் ஸ்லிப். தனி ஆயில் வேண்டுமா என்பது அது எந்த வகை என்பதைப் பொறுத்தது. தட்டுகளை அடுக்கிய வகையில், திரும்பும்போது அந்தத் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவவேண்டும். ஆயில் சரியில்லாவிட்டால் நழுவாமல் பிடித்துப் பிடித்து விடும். அடுக்குமாடி பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது பின்னாலிருந்து கடகடவென்று ஒரு நடுக்கம் வரும். அதைத் தவிர்க்க ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் என்ற சேர்மானம் கலந்த ஆயில் வேண்டும். சில ஆயிலில் முன்பே கலந்திருக்கும், டப்பாவில் எல்எஸ் என்று போட்டிருப்பார்கள். அப்படிக் கலந்ததன் மேல் இன்னொரு பாட்டில் ஊற்றினால் தட்டுகள் பிடிக்கவே பிடிக்காது. லாக்கிங் வேலை போய்விடும்.

டோர்சன் மாதிரி பல்சக்கரத்தாலேயே இயங்கும் வகைக்கு இந்தச் சேர்மானம் தேவையில்லை. சாதாரண ஓபன் டிஃபரன்ஷியலுக்கும் தேவையில்லை. எலக்ட்ரானிக் லாக்கிங் உள்ளவை, உதாரணமாக சில ரேஞ்ச் ரோவர்கள், தனி ஆயிலே கேட்கும். அங்கே பொது டப்பா எதையும் முயற்சி செய்து பார்க்காதீர்கள். ஆடியின் ஸ்போர்ட் டிஃபரன்ஷியலில் ஒரே உடம்புக்குள் இரண்டு வகை ஆயில்: ஒன்று கியர் ஆயில், இன்னொன்று ஹைட்ராலிக் கிளட்சுக்கான ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். இரண்டின் பிளக்கும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாற்றி ஊற்றிவிடக் கூடாது.

நாலு வீல் டிரைவ் வண்டிக்கு ரெண்டு லிட்டர் வாங்கிட்டா போதுமா?

லிட்டரைக் கணக்குப் பார்ப்பதற்கு முன் எத்தனை பெட்டி என்று எண்ணுங்கள். நீளவாக்கு இன்ஜின் கொண்ட எக்ஸ்டிரைவ் பிஎம்டபிள்யூவில் முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல், நடுவில் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று மூன்று. முதல் இரண்டுக்கும் ஹைப்பாய்டு ஆயில். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இருப்பது கிளட்ச் தட்டுகள். அதற்கு பிஎம்டபிள்யூவின் தனி டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில்தான். அதில் 75டபிள்யூ-90 ஊற்றினால் தட்டுகள் நடுங்கும், பிறகு பெரிய செலவு.

ஆடியில் குவாட்ரோ என்ற ஒரே பெயருக்குள் இரண்டு குடும்பம். ஏ4, ஏ6 போன்ற நீளவாக்கு வண்டிகள் பலவற்றில் நடு டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸோடு சேர்ந்தது. ஏ3, க்யூ3, டிடி வகையில் பின் சக்கரங்களைத் தேவைப்படும்போது இணைக்கும் ஹால்டெக்ஸ் கிளட்ச் பின்னால் இருக்கும்; அதற்கு ஹால்டெக்ஸ் ஆயில், பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் பின் டிஃபரன்ஷியலுக்கு கியர் ஆயில். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது பட்டறைகளில் நடக்கிற விபத்து. வேலைக்குக் கொடுக்கும்போது எந்தப் பெட்டிக்கு எந்த ஆயில் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

மெக்கானிக் பேரல்ல இருந்து லூஸா 90 ஆயில் எடுத்து ஊத்துறேன்னு சொல்றாரு. விலை பாதிதான்.

பேரலில் இருப்பது அனேகமாக லாரிக்கும் டிராக்டருக்குமான மினரல் ஆயில். அந்த வண்டிகளுக்கு அது சரியே. உங்கள் அச்சு கேட்கும் ஒப்புதல் அதில் இருக்காது, மேலே சொன்ன காரணம்தான். திறந்த பேரலில் தூசியும் ஈரமும் சேர்வது தனி. ஒரு லிட்டருக்கு மிச்சம் பிடிக்கிற தொகை, வண்டியின் ஒரு டேங்க் பெட்ரோல் விலைகூட வராது.

போலி டப்பாவும் ஒரு பிரச்சினை. உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோடாக இருந்தாலும் உங்கள் தெருமுனைக் கடையாக இருந்தாலும் பில் கொடுக்காத கடையில் இந்த ஆயிலை வாங்காதீர்கள். மூடியின் வளையம் உடையாமல் இருக்கிறதா, பேட்ச் எண் அச்சடித்திருக்கிறதா, அது மூடியிலும் டப்பாவிலும் அழிந்து மறுபடி எழுதின மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். காலி டப்பாவைக் கிழித்தோ ஓட்டை போட்டோ தூக்கிப் போடுவது நல்ல பழக்கம். போலிக்காரர்களுக்கு முழு டப்பா கிடைக்காது.

மாத்தும்போது நான் பக்கத்துல நின்னு எதைக் கவனிக்கணும்?

முதலில் மேல் பிளக், அதாவது ஆயில் ஊற்றும் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். கீழ் பிளக்கைத் திறந்து ஆயிலை இறக்கிய பிறகு மேல் பிளக் துருப்பிடித்து அசையவில்லை என்றால், ஆயில் இல்லாத டிஃபரன்ஷியலோடு வண்டி அங்கேயே நிற்கும். கொஞ்ச தூரம் ஓட்டி ஆயில் சூடாக இருக்கும்போது இறக்கினால் அடியில் தங்கிய தூளும் சேர்ந்து வரும். சில பிஎம்டபிள்யூ அச்சுகளில் கீழ் பிளக்கே கிடையாது. மேல் துளை வழியாகக் குழாய் விட்டு பம்பால் உறிஞ்சவேண்டும். அங்கே பொறுமை இல்லாதவர் பாதியை உள்ளேயே விட்டுவிடுவார். வெளியே வந்த அளவை ஒரு ஜக்கில் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

வண்டி சமமாக நிற்கவேண்டும், பின்னால் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி நிரப்பினால் அளவு தப்பும். பல அச்சுகளில் துளையின் கீழ் விளிம்பில் ஆயில் வழிய ஆரம்பித்தால் போதும். சிலவற்றில் விளிம்புக்குக் கீழேயே நிற்கவேண்டும் என்று அளவு கொடுத்திருப்பார்கள், அங்கே மில்லிலிட்டர் கணக்குதான். அதிகமாக ஊற்றினால் நல்லது என்ற எண்ணம் வேண்டாம்: சூட்டில் விரியும் ஆயில் பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகவோ சீல் வழியாகவோ வெளியே வரும். பிளக்குக்குப் புது வாஷர் போடுகிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழ் பிளக்குல கருப்பா மை மாதிரி ஒட்டியிருந்துச்சு. கிரவுன் போச்சா?

பல வண்டிகளில் பிளக் நுனியில் காந்தம் உண்டு, இரும்புத்தூளைப் பிடிக்க. விரலில் தேய்த்தால் நெருடாமல் பசையாக வந்தால் அது வழக்கமான தேய்மானம். துடைத்துவிட்டுப் போடுங்கள். நெருடுகிறது, பளபளவென்று செதில் செதிலாக வருகிறது, சில்லு மாதிரி ஒரு துண்டு நிற்கிறது என்றால் பேரிங்கோ பல்லோ உடைய ஆரம்பித்துவிட்டது. அந்த நிலையில் விலை உயர்ந்த ஆயில் ஊற்றிப் பயனில்லை, திறந்து பார்க்கவேண்டும்.

80ல போகும்போது பின்னாடி ஊய்ங்னு சத்தம். நல்ல ஆயில் போட்டா நின்னுடுமா?

ஆயில் குறைந்திருந்தாலோ தவறான ஆயில் இருந்தாலோ, ஆரம்ப நிலையில் என்றால், குறையலாம். தேய்ந்த பல்லை எந்த ஆயிலும் வளர்த்துத் தராது. முதலில் சத்தம் கிரவுனிலிருந்துதானா என்று பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு சுருதி, காலை எடுத்ததும் வேறு சுருதி அல்லது சத்தமே இல்லை என்றால் கிரவுன் மேல் சந்தேகம். வளைவில் ஒரு பக்கம் சாயும்போது மட்டும் கூடினால் வீல் பேரிங். சாலை மாறினால் சத்தமும் மாறினால் டயர்.

சத்தத்தை அடக்க 140 ஊற்றி விற்கும் வியாபாரமும் நடக்கிறது. பழைய வண்டி பார்க்கப் போகும்போது டிஃபரன்ஷியல் மட்டும் நேற்றுத் துடைத்த மாதிரி பளிச்சென்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

வெள்ளத்துல வண்டி நின்னுச்சு. இன்ஜின் ஸ்டார்ட் ஆகுது, ஓடுது. கிரவுனையும் பாக்கணுமா?

கட்டாயம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நின்ற வண்டிகளில் இன்சூரன்ஸ்காரர்கள் இன்ஜினையும் எலக்ட்ரானிக்ஸையும் பார்த்தார்கள். கிரவுனைப் பலர் மறந்தார்கள். டிஃபரன்ஷியலின் மேலே காற்று போக பிரீதர் என்று சின்னத் துளை உண்டு. ஓடிச் சூடான பெட்டி திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும். பிரீதரோ சீலோ வழியாக நீரை இழுத்துக்கொள்ளும்.

மேல் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஒரு தடவை மாற்றினால் முழுக்கப் போகாது: மாற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி மாற்றவேண்டும். தள்ளிப் போட்டால் பேரிங் துருப்பிடிக்கும்; அந்தச் சத்தம் சில மாதம் கழித்துத்தான் வரும், அதற்குள் இன்சூரன்ஸ் கோப்பை மூடியிருப்பார்கள்.

கொஞ்சம் ஆயில் குறைஞ்சிருக்கு. வேற பிராண்டை டாப்-அப் பண்ணலாமா?

ஒரே ஒப்புதல் எண் இருந்தால், அவசரத்துக்குப் பரவாயில்லை. ஆனால் டிஃபரன்ஷியல் ஆயில் எரிந்து குறைவதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது. பினியன் சீல், பக்கவாட்டு ஷாஃப்ட் சீல்கள், பின்மூடி ஆகிய மூன்று இடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சீலை மாற்றியதும் மீண்டும் கசிந்தால் பிரீதர் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

கடையில ஒரு சின்ன டியூப் குடுத்து, இதைக் கலந்தா கிரவுன் ஜென்மத்துக்கும் தேயாதுன்னு சொல்றாங்க.

வேண்டாம். ஒப்புதல் பெற்ற ஆயிலில் தேவையான ரசாயனம் அளந்துதான் கலந்திருக்கிறது. மாலிப்டினம் கலந்த பொருள் எதையாவது தட்டு வகை லிமிடெட் ஸ்லிப்பில் ஊற்றினால் தட்டுகள் பிடியை இழக்கும்.

டயர் ரெண்டு மட்டும் மாத்தினேன். அதுக்கும் கிரவுன் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம்னு திட்டுறாங்க.

நாலு சக்கர இழுவை வண்டி என்றால் சம்பந்தம் உண்டு. புது டயரின் சுற்றளவு தேய்ந்த டயரைவிட அதிகம். முன்னால் புதுசு, பின்னால் பழசு என்றால் இரண்டு அச்சுகளும் எப்போதும் வேறு வேகத்தில் சுற்றும். நேர் சாலையில்கூட டிரான்ஸ்ஃபர் கேஸ் தட்டுகள் ஓயாமல் நழுவிக்கொண்டே இருக்கும், ஆயில் வெந்துபோகும். ஒரே அச்சில் வலதுக்கும் இடதுக்கும் வித்தியாசம் இருந்தால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு பல்சக்கரங்கள் எப்போதும் திரும்பியபடியே இருக்கும். அவை வளைவில் மட்டும் வேலை செய்யப் படைக்கப்பட்டவை. நடுக்கம் வந்து ஆயில் மாற்றியும் நிற்காத வண்டிகளில் டயர் அளவைப் பார்த்த பிறகே மற்றதைக் கழற்றுங்கள்.

வாரண்டி இருக்கு. வெளியில மாத்துனா பிரச்சினை வருமா?

வாரண்டியோ சர்வீஸ் பேக்கேஜோ ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கேயே செய்துகொள்வதுதான் நிம்மதி. கிரவுன் ஆயில் பேக்கேஜில் அடங்குமா என்று மட்டும் கேட்டுவிடுங்கள், பல சமயம் அடங்காது. வெளியே செய்தால் ஆயிலின் பெயர், ஒப்புதல் எண், எத்தனை லிட்டர், எத்தனையாவது கிலோமீட்டர் எல்லாம் பில்லில் இருக்கவேண்டும். “கியர் ஆயில் - 1” என்று எழுதின பில்லை வைத்து எந்த வாதமும் செய்ய முடியாது.

எலக்ட்ரிக் கார் வாங்கப் போறேன். இந்தத் தொல்லை எல்லாம் இல்லைதானே?

கொஞ்சம் உண்டு. பேட்டரி காரிலும் மோட்டாரின் வேகத்தைக் குறைக்க ஒரு பல்சக்கரப் பெட்டி இருக்கிறது, அதற்குள் டிஃபரன்ஷியலும் இருக்கிறது, அதற்கு ஆயிலும் இருக்கிறது. ஆனால் அங்கே பெரும்பாலும் ஹைப்பாய்டு கிடையாது. மோட்டார் குறுக்கே இருப்பதால் சுழற்சியைத் திருப்பவேண்டிய வேலை இல்லை. ஆகவே கந்தகம் நிறைந்த ஜிஎல்-5 தேவைப்படுவதில்லை. சில அமைப்புகளில் அதே ஆயில் மோட்டாரின் செம்புக் கம்பிகளையும் குளிர்விக்கிறது. செம்பை அரிக்கும் எதுவும் அங்கே போகக்கூடாது. மெல்லிய, அந்த மோட்டாருக்கென்றே எழுதிய ஆயில் அது. கடையில் 75டபிள்யூ-90 எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள், சேசிஸ் நம்பரோடு டீலரிடமே போங்கள்.